பெருவிரலார் மகிமை

கட்டைவிரலில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு ஊரே திரிந்த காலம் அது.

பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர் விரலில் உறை. காய்கறி நிறுக்கிறவர் விரலில் உறை. வங்கியில் நோட்டு எண்ணும் காசாளர் விரலிலும் உறை. அவர் உறை வேறு, அதை விடுங்கள். இல்லை, விடவும் வேண்டாம், எல்லாம் ஒரே உறைதான். தாள் புரட்டுவதற்கென்று எழுதுபொருள் கடையில் டஜன் கணக்கில் விற்கிற, சொரசொரப்பான அதே ரப்பர் உறைக்கு ‘மின்காப்புக் கவசம்’ என்று பெயர் சூட்டி ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார் பெருவிரலார். பெயர் உயர்ந்தால் விலை உயராமல் இருக்குமா?

அவருடைய ஆசிரமம் ஒரு காலத்தில் நாற்காலி மேசை விற்ற கடை. கடைக்காரர் நொடித்துப்போய்க் கிளம்பியபோது விட்டுச்சென்ற சாய்வு நாற்காலி ஒன்று நடுவில் கிடந்தது. அதன் மேல் சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் பிரிக்கவில்லை. அதில்தான் பெருவிரலார் சாய்ந்திருப்பார். டாக்டர் போடுவது போல வெள்ளை அங்கி. நெஞ்சு வரை தாடி. காதில் மாட்டிய ஒலிவாங்கி. வலது கட்டைவிரலுக்கு மட்டும் கறுப்பு வெல்வெட் உறை. பக்தர்களின் விரலைத் தொடும் நேரத்தில் மட்டும் அந்த வெல்வெட் கழலும். அப்போது கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

வரிசை வாசலில் தொடங்கி, மருந்துக் கடையைச் சுற்றி, வண்டி நிறுத்துமிடம் வரை நீண்டது. அதில் வக்கீல் நின்றார், பல் டாக்டர் நின்றார், கணக்கு வாத்தியார்கள் நின்றார்கள். அப்பா செத்துப்போனதாக அலுவலகத்தில் சொல்லி லீவு போட்ட ஒருவர் நின்றார். அவருக்குப் பின்னாலேயே அவருடைய அப்பாவும் நின்றார்.

எல்லாம் எதற்கு? அலைபேசியில் ஒரு சக்கரம் சுற்றி, ஒரு குக்கர் பரிசு வாங்குவதற்கு.

அந்தச் சக்கரத்தின் சொந்தக்காரர்கள் எதிர்க் கட்டடத்தின் மாடியில் இருந்தார்கள். ‘அள்ளிக்கோ’ என்பது அவர்களுடைய செயலியின் பெயர். கடையில் பொருள் வாங்கி ரசீதைப் படம் பிடித்துப் போட்டால் புள்ளி. விளம்பரம் பார்த்தால் புள்ளி. நடந்தால்கூடப் புள்ளி. தினம் ஒரு தடவை சக்கரம் சுற்றலாம். அது நிற்கிற இடத்தில் பரிசு இருக்கும், அல்லது ‘மீண்டும் முயலுங்கள்’ என்று இருக்கும். பெரும்பாலும் மீண்டும் முயலத்தான் வேண்டியிருந்தது.

நிறுவனத்தைத் தொடங்கியவர், அங்கே முதலாளியும் இல்லை தொழிலாளியும் இல்லை, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று வாய்க்கு வாய் சொல்வார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்குக் ‘குடும்பத் தலைவர்’ என்று பெயர். குடும்பம் நடத்துவது அவருக்கு அவ்வளவு சுலபமாக இல்லை. சேர்ந்தவுடன் பரிசு என்றார். ஜனங்கள் சேர்ந்தார்கள், பரிசை வாங்கினார்கள், போனார்கள். ஒருவர் தன் பெயரில், மனைவி பெயரில், மச்சான் பெயரில், கடைசியாக நாயின் பெயரிலும் சேர்ந்தார். நாய்க்குக் குடை விழுந்தது. பரிசு தருகிற கடைக்காரர்கள், இலவசத்துக்கு வருகிறவன் காசு போட்டு ஒரு ஊசிகூட வாங்குவதில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முதலீடு போட்டவர்களோ தினமும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: இன்றைக்கு எத்தனை பேர் திறந்தார்கள்?

இந்தக் குடும்பத்தில் புகார் கேட்கும் பிரிவுக்குத் தலைவி ஒருத்தி இருந்தாள். எல்லாரும் அவளைப் புகாரக்கா என்று அழைத்தார்கள். காலையில் ஒலிவாங்கியை மாட்டினால் மாலை வரை வசவு கேட்பது அவள் வேலை. “தினம் சுத்துறேன், ஒரு ஸ்பூன்கூட விழல” என்று ஒருவர் திட்டுவார். மன்னிப்புக் கேட்பாள். அடுத்தவர் அதையே வேறு வார்த்தையில் திட்டுவார். அவரிடமும் கேட்பாள். கணவரின் பட்டறை மூடிய பிறகு வீடு ஓடுவது அவள் சம்பளத்தில். ஆகையால் அவள் காது தடித்துப்போயிருந்தது. மூளை தடிக்கவில்லை.

ஒருநாள் ஒருவர் நன்றி சொல்லக் கூப்பிட்டார். அவள் பழக்கத்தில் மன்னிப்புக் கேட்டாள். அந்த இருக்கையில் உட்கார்ந்த நாளாக அப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதில்லை. அடுத்த நாளும் நன்றி வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. விசாரித்தால், எல்லா நன்றியும் எதிர்க் கட்டடத்துக்குப் போகவேண்டிய நன்றி. பெருவிரலார் தொட்டுக் கொடுத்த விரலால் சுற்றினேன், குக்கர் விழுந்தது என்றார்கள். இஸ்திரிப் பெட்டி விழுந்தது என்றார்கள். ஒன்றும் விழாமல் போனவர் ஒருவரும் இல்லை என்று சத்தியம் செய்தார்கள்.

பெருவிரலாரின் முறை எளிமையானது. மனிதனின் கட்டைவிரலில் ஒரு மின்சாரம் ஓடுகிறதாம். சக்கரத்தைத் தினம் தினம் தள்ளித் தள்ளி அது வடிந்துபோகிறதாம். ஆகவே ஏழு நாள் விரதம். அந்த ஏழு நாளும் அள்ளிக்கோவைத் திறக்கவே கூடாது, விரலில் கவசம் கழலக் கூடாது. எட்டாம் நாள் வந்தால் பெருவிரலார் தம் விரலால் உங்கள் விரலைத் தொட்டு மின்சாரம் ஏற்றுவார். அங்கேயே சுற்றலாம். தொட்டதற்குக் காணிக்கை கிடையாது. கவசத்துக்கு மட்டும்தான் விலை. கவசம் ஒரு தடவைக்குத்தான் வேலை செய்யும் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டுமா?

புகாரக்காவின் நாத்தனார், கணவருடைய தங்கை, அவர்கள் வீட்டிலேயே இருந்தாள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். அமிலமும் காரமும் கலந்தால் என்ன ஆகும் என்று பகலில் பாடம் நடத்துவாள். மாலையில் ரப்பர் உறையோடு வீட்டுக்கு வந்தாள். அண்ணி கேட்டதற்கு, “நம்பிக்கைன்னு ஒன்னு இருக்குல்ல அண்ணி” என்றாள். எட்டாம் நாள் குக்கர் வந்தது. புகாரக்கா அதில் சோறு வைத்தாள். மூன்று விசில் அடிக்கிற சாமானோடு யார் வாதாட முடியும்?

குக்கரோடு நாத்தனார் நின்றிருக்கலாம். சக்கரத்தில் ஒரு கார் படமும் இருந்தது. குக்கர் கொடுத்த விரல் காரைக் கொடுக்காதா? மறுபடி விரதம், மறுபடி கவசம். இந்த முறை மின்விசிறிகூட இல்லை, தேநீர்க் கோப்பைதான் வந்தது. பெருவிரலார் அவள் விரலை மோந்து பார்த்துவிட்டு, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டார். சர்க்கரைக்குச் சாப்பிடுகிறேன் என்றாள். அவர் தலையை ஆட்டினார். ரசாயனம் மின்சாரத்தை மழுக்கும், கார் வேண்டுமானால் அதை நிறுத்து என்றார். ரசாயனம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் ரசாயனத்தை நிறுத்தினாள். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

இதற்கிடையில் மாடியில் வேறொரு கூத்து. ஊரில் பாதிப்பேர் விரதம் இருந்தால் செயலியை யார் திறப்பார்கள்? தினம் திறக்கிறவர்களின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. குடும்பத் தலைவர் கூட்டம் போட்டார். பொத்தானின் நிறத்தை மாற்றினார்கள். சக்கரத்துக்குப் பளபளப்புக் கூட்டினார்கள். எண்ணிக்கை இன்னும் சரிந்தது. கடைசியில் ஒருநாள் அவர் சன்னலோரம் நின்று கீழே நெளிகிற வரிசையை வெகுநேரம் பார்த்தார். வெளிநாட்டில் படித்தவர். புள்ளிவிவரம் இல்லாமல் வாய் திறக்கமாட்டார். அப்படிப்பட்டவர் திரும்பி, “அந்த ஆளை நம்ம பக்கம் இழுத்துட்டா என்ன?” என்றார்.

பெருவிரலாரை அள்ளிக்கோவின் விளம்பரத் தூதர் ஆக்குவது என்று முடிவானது. நாள் குறித்தார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் மேடை. ‘பெருவிரல் பெருவிழா’. முதலீட்டாளர்கள் முன்னிலையில் பெருவிரலார் நிறுவனத்தின் தலைமைக் கணினிக்கே மின்சாரம் ஏற்றுவார். இதுவரை அதற்கு மின்வாரியம்தான் ஏற்றிக்கொண்டிருந்தது.

அந்த வாரத்தில்தான் பள்ளிக்கூடத்திலிருந்து புகாரக்காவின் கணவருக்குத் தொலைபேசி வந்தது. நாத்தனார் வகுப்பில் கரும்பலகையைப் பிடித்தபடியே சரிந்து விழுந்துவிட்டாள்.

மருத்துவமனையில், சர்க்கரை எங்கோ ஏறிக் கிடக்கிறது, கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். மாத்திரையை நிறுத்தினாயா என்று அவர் கேட்டதும் நாத்தனார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நர்ஸ் அவள் விரலில் ஊசி குத்த உறையைக் கழற்றினாள். உள்ளே தோல் வெளுத்து ஊறிக் கிடந்தது.

கணவர் பெருவிரலாரை வெட்டுவேன் குத்துவேன் என்று நடைபாதையில் உலாத்தினார். புகாரக்கா அவரைத் தண்ணீர் வாங்க அனுப்பிவிட்டு, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டத்தான் நினைத்திருந்தாள். நாத்தனார் முந்திக்கொண்டாள்.

“நான் முட்டாள்தான் அண்ணி, ஒத்துக்கறேன். ஆனா அந்தக் குக்கர் விழுந்ததே. அது எப்படிப் பொய்யாகும்?”

அதுதான் புகாரக்காவைச் சுட்டது. கேள்வியில் நியாயம் இருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று சொல்லிவிடலாம். ஒரு காக்கைக்கு ஒரு பழம் சரி. ஊர்க் காக்கை எல்லாம் உட்கார உட்கார, ஒன்று தவறாமல் பழம் விழுமா? விழுகிறது என்றால் மரத்தை யாரோ உலுக்குகிறார்கள்.

நாத்தனார் தூங்கிய பிறகு தன் அலைபேசியை எடுத்தாள். வேலையில் சேர்ந்த அன்று கட்டாயத்துக்கு அள்ளிக்கோவை இறக்கியதோடு சரி, அதற்குப் பிறகு அவள் அதைத் திறந்ததே இல்லை. சமையல்காரன் தான் சமைத்ததைத் தின்பானா? இப்போது திறந்து, சுண்டுவிரலால் சக்கரத்தைத் தள்ளிவிட்டாள். அது சுற்றியது, நின்றது. இஸ்திரிப் பெட்டி. பக்கத்தில் கணவரின் அலைபேசி கிடந்தது. வேலையில்லாத மனிதர், தினமும் சுற்றுவார். அதிலும் தள்ளினாள். மீண்டும் முயலுங்கள்.

கவசம் இல்லை, பெருவிரலார் இல்லை, கட்டைவிரலே இல்லை. இருந்தும் இஸ்திரிப் பெட்டி.

மறுநாள் காலையில் செயலிக்கு நிரல் எழுதுகிறவரிடம் போனாள். அவருக்குத் ‘தொடாதே’ என்று பெயர். எதைக் கேட்டாலும், பழைய ஆள் எழுதியது, தொட்டால் உடைந்துவிடும் என்பார். அவள் தொடச் சொல்லவில்லை, படிக்கத்தான் சொன்னாள். அவர் முனகிக்கொண்டே படித்தார். படிக்கப் படிக்க நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஏழு நாள் செயலியைத் திறக்காதவருக்குத் திரும்பி வந்த முதல் சுற்றில் பரிசு கட்டாயம் என்று எழுதியிருந்தது. ஓடிப்போனவர்களைத் திரும்ப இழுக்க ஒரு ஏற்பாடு. அவர்கள் இருவரும் சேருவதற்கு முன்னால் இருந்த விளம்பரப் பிரிவு அதிகாரி கேட்டு வாங்கியதாம். இது யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டாள். “எனக்கே இப்பத்தான்க்கா தெரியும்” என்றார் தொடாதே.

ஆக, பெருவிரலாரின் மின்சாரம் இந்த மாடியிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. விரதம் என்ற பெயரில் ஜனங்களை ஏழு நாள் ஓடிப்போனவர்கள் ஆக்கியதுதான் அவர் செய்த ஒரே அற்புதம். எட்டாம் நாள் அவர் விரலைத் தொட்டால் என்ன, மூக்கைத் தொட்டால் என்ன?

குடும்பத் தலைவரிடம் சொன்னாள். அவர் முகம் முதலில் வெளுத்தது. பிறகு மெல்ல மெல்லத் தெளிந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“இதை வெளியில சொன்னா என்ன அர்த்தம் தெரியுமா? தினமும் வர்றவன் ஏமாளி, ஓடிப்போனவன் புத்திசாலின்னு நாமளே பலகை மாட்டின மாதிரி. விழா முடியட்டும். அப்புறம் அந்த வரியை எடுத்துடலாம்.”

“விழாவுல அவரை மேடையேத்துறோமே சார். ஜனங்க இன்னும் நம்புவாங்களே.”

“நம்பிட்டுப் போகட்டுமே. நம்பிக்கையால யாருக்கு என்ன நஷ்டம்?”

“என் நாத்தனார் ஆஸ்பத்திரியில கிடக்குறா சார்.”

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். நிறுவனத்தின் சார்பில் பழக்கூடை அனுப்பச் சொல்வதாகச் சொன்னார். கூடவே, விழாவில் பரிசு வென்றவர்களைப் பேச வைக்கும் பொறுப்பை அவளுக்கே கொடுத்தார். அவள் குரல் ஊருக்குப் பழகிய குரல். சொன்னதை மட்டும் பேசினால் பதவி உயர்வு உண்டு என்பதையும், பேசாவிட்டால் என்ன உண்டு என்பதையும் அவர் மிகவும் நாசூக்காகப் புரியவைத்தார். குடும்பம் என்றால் அப்படித்தானே.

அவள் வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். வேலை போனால் அடுப்பு எப்படி எரியும் என்று அவளே கேட்டு, அவளே பதில் தெரியாமல் உட்கார்ந்தாள். அவர் தேநீர் போட்டுக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். தங்கச்சி பிழைத்துக்கொண்டதைப் பார்த்த பிறகு தனக்கு வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை என்றார். அது அறிவுரையா, அனுமதியா என்று அவள் கேட்கவில்லை.

விழா நாள் வந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் வண்டி நிறுத்த இடமில்லை. முன்வரிசையில் முதலீட்டாளர்கள். அடுத்து, விரதம் முடித்து அன்று தொடுகைக்கு வந்தவர்கள், உறை போட்ட விரலைத் தூக்கிப் பிடித்தபடி. பின்னால் கடல் போலக் கூட்டம். உட்கார்ந்து எழ முடியாதவராகப் பாவனை செய்யும் பெருவிரலாரைப் பிளாஸ்டிக் தாள் பிரிக்காத அதே நாற்காலியோடு தூக்கிவந்து மேடையில் வைத்தார்கள்.

புகாரக்கா ஒலிவாங்கியை வாங்கினாள். வணக்கம் சொன்னாள். தலைமைக் கணினிக்கு மின்சாரம் ஏற்றுவதற்கு முன்னால், நிறுவனத்தின் தலைவருக்கே முதலில் ஐயா தொட்டுத் தரவேண்டும் என்று பணிவாகக் கேட்டாள். கூட்டம் கைதட்டியது. குடும்பத் தலைவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். மேடையில் அத்தனை கண்களுக்கு முன்னால் பார்வையை மட்டும்தான் பார்க்க முடிந்தது.

வெல்வெட் கழன்றது. விரல் விரலைத் தொட்டது. அவர் சக்கரத்தைத் தள்ளினார். பெரிய திரையில் அது சுற்றுவதை எல்லாரும் பார்த்தார்கள். மீண்டும் முயலுங்கள்.

மனிதர் தன் செயலியைத் தினமும் திறந்து பார்க்கிறவர் அல்லவா.

பெருவிரலார் அசரவில்லை. கண்ணை மூடினார். “மனசுல ஒரு துளி சந்தேகம் இருந்தாலும் மின்சாரம் கசிஞ்சிடும்” என்றார். கூட்டம் குடும்பத் தலைவரைப் பாவியைப் பார்ப்பது போலப் பார்த்தது. சந்தேகமே இல்லாத ஒருவர் வரட்டும், ஆனால் விரதம் இல்லாதவராக இருக்கட்டும், ஐயாவின் சக்தி தனியாகத் தெரியவேண்டும் அல்லவா என்றாள் புகாரக்கா. ஐயாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டபடியே ஒருவர் ஓடிவந்தார். விரதம் இல்லை, காலையில் சுற்றியதோடு சரி, வேண்டுமானால் மனைவியின் அலைபேசியில் சுற்றுகிறேன், அவளும் தினம் சுற்றுகிறவள்தான் என்றார். சந்தேகம் என்ற வார்த்தைக்கே அர்த்தம் தெரியாத முகம். பெருவிரலார் அழுத்தித் தொட்டார். மீண்டும் முயலுங்கள்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. விரதம் இல்லாமல் எப்படி விழும் என்று பெருவிரலார் கடுப்பாகக் கேட்டார். சரிதான், அப்படியானால் விரதம் இருந்து, தொடுகை இல்லாமல் ஒருவர் சுற்றிப் பார்க்கட்டும் என்று அவள் முன்னால் இருந்தவர்களைப் பார்த்தாள். ஒருவரும் எழவில்லை. கார் கைநழுவிப் போய்விட்டால்?

அப்போது நாத்தனார் எழுந்தாள். அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேடை ஏறினாள். மருத்துவமனையில் கிடந்த பத்து நாளும் அவள் அலைபேசியைத் திறக்கவில்லை. அதைப் புகாரக்காதான் பிடிவாதமாக வாங்கி வைத்திருந்தாள். இப்போது திருப்பிக் கொடுத்தாள். இதற்கு மேல் அவர்கள் எதுவும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

நாத்தனார் கூட்டத்தைப் பார்த்து, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னாள்: “என் பிள்ளைங்களுக்கு நான் சொல்றது இதுதான். எல்லாத்தையும் அப்படியே வை, ஒன்னை மட்டும் மாத்து. என்ன மாறுதுன்னு பாரு. எனக்கு நானே சொல்லிக்க மறந்துட்டேன்.”

பிறகு அலைபேசியைத் தரையில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். கால் கட்டைவிரலால் சக்கரத்தை ஒரு உதை விட்டாள்.

திரையில் மேசை விசிறி வந்தது. வெற்றி இசை முழங்கியது.

இரண்டாம் வரிசை விரதக்காரர் ஒருவர் மெல்லத் தன் அலைபேசியை எடுத்து மோதிர விரலால் தள்ளினார். இசை முழங்கியது. பக்கத்திலிருந்த அம்மாள் முழங்கையால் தள்ளினாள். இசை. வக்கீல் மூக்கால் தள்ளினார். இசை. அப்பா செத்துப்போனவரும் அவருடைய அப்பாவும் ஒன்றாகத் தள்ளினார்கள். இரட்டை இசை. வண்டி நிறுத்துமிடம் முழுக்க ஒரே மேளக் கச்சேரி. முதலீட்டாளர்கள் எழுந்து நின்றார்கள். ஒவ்வொரு இசைக்கும் ஒரு விசிறியோ குக்கரோ நிறுவனம் கொடுத்தாக வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் முதலில் உறைத்தது.

புகாரக்கா ஒலிவாங்கியை இறுகப் பிடித்துக்கொண்டு, நிரலில் இருந்த அந்த வரியை அப்படியே சொன்னாள்.

எழ முடியாத பெருவிரலார் எழுந்தார். எழுந்தது மட்டுமல்ல, மேடையின் பின்பக்கம் நோக்கி நல்ல வேகத்தில் நடந்தார். குடும்பத் தலைவர் பாய்ந்து அங்கியைப் பிடித்தார். இருவரும் திரைக்குப் பின்னால் மறைந்தார்கள். ஆனால் பெருவிரலாரின் காதில் மாட்டிய ஒலிவாங்கி மறையவில்லை. ஊரே கேட்டது.

“யாருடா நீ?”

“என்ன சார், தெரியலையா? உங்க விளம்பரப் பிரிவு. நீங்க என்னை எங்க சார் நேர்ல பார்த்தீங்க? வேலையை விட்டு அனுப்பினதே குறுஞ்செய்தியிலதானே.”

அங்கி கிழிகிற சத்தம் கேட்டது.

“என்னைத் தூக்கினீங்க. நான் போட்ட திட்டத்தைத் தூக்க மறந்துட்டீங்க சார்.”

அதற்குப் பிறகு ரப்பர் மழை பெய்தது. ஊர் தன் கவசங்களைக் கழற்றி மேடையை நோக்கி எறிந்தது. ஒரு உறை யாரையும் காயப்படுத்தாது. ஆயிரம் உறை சேர்ந்தால் கொஞ்சம் வலிக்கும். போலீஸ் வந்து பெருவிரலாரை மழையிலிருந்து காப்பாற்றிக் கூட்டிப்போனது. மாத்திரையை நிறுத்தச் சொன்னதற்கு நாத்தனார் தன் கைப்பட எழுதிக்கொடுத்த புகார்தான் அவரை வெளியே விடாமல் பிடித்து வைத்தது. வெட்கமாக இல்லையா என்று சக ஆசிரியர்கள் கேட்டதற்கு, வெட்கம்தான், அதனால்தான் எழுதினேன் என்றாளாம்.

அன்று மாலையே புகாரக்காவின் வேலை போனது. குறுஞ்செய்தியில்தான். மறுநாள் காலையில் அவள் நாற்காலியில் குடும்பத் தலைவரே உட்கார்ந்து ஒலிவாங்கியை மாட்டினார். மத்தியானத்துக்குள் அவர் காது சிவந்து, குரல் கம்மி, அவளுக்குத் தொலைபேசி செய்தார். சக்கரம் எப்படிச் சுற்றுகிறது என்பதை முதல் திரையிலேயே எழுதிப் போடுவதானால் வருகிறேன் என்றாள். வேறு வழி இல்லாமல் அவர் ஒத்துக்கொண்டார். எழுதிப் போட்ட பிறகு அந்தச் சக்கரத்தை யார் சுற்றுவார்கள்? அதை எடுத்துவிட்டு, தினமும் கடைக்குப் போகிறவருக்குச் சின்னச் சின்னத் தள்ளுபடி என்று மாற்றினார்கள். முதலீட்டாளர்களில் பாதிப்பேர் போனார்கள். மாடியில் பாதி இடத்தைக் காலி செய்தார்கள். மிச்சமிருந்த கடைக்காரர்கள் மட்டும் முகத்தை இந்தப் பக்கம் திருப்பினார்கள். நிறுவனம் கொழுக்கவில்லை, சாகவும் இல்லை.

நாத்தனார் மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுகிறாள். குக்கர் இன்னும் நன்றாகத்தான் விசில் அடிக்கிறது. அது என்ன பாவம் செய்தது?

கதை இங்கே முடிந்திருந்தால் ஊர் திருந்திவிட்டது என்று நானும் எழுதி, நீங்களும் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போயிருக்கலாம். ஆனால் சில வாரம் கழித்து ஒருவர் புகாரக்காவைக் கூப்பிட்டார். மரியாதையான குரல். படித்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. விழாவுக்கு வந்திருந்தாராம், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தாராம், அந்தத் தாடிக்காரனை அன்றைக்கே தனக்குப் பிடிக்கவில்லையாம். அவருக்கு ஒரே ஒரு விவரம் மட்டும் தெரியவேண்டுமாம்.

“அந்த டீச்சரம்மா அன்னைக்கு எந்தக் காலால சுத்தினாங்க? இடதா, வலதா?”

புகாரக்கா கண்ணை மூடித் திறந்தாள். “காலை விடுங்க சார். தோளுக்கு மேல ஒன்னு வச்சிருக்கீங்கல்ல, அதைக் கொஞ்சம் சுத்தி விட்டுப் பாருங்க.”

அவர் ஆவலாக எதையோ குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“சரிங்க. அதுக்கு எத்தனை நாள் விரதம் இருக்கணும்?”

“இனிமே இருக்க வேண்டாங்க” என்றாள் அவள். “இத்தனை வருசமா நீங்க இருந்ததே போதும்.”